ஸ்கேன் எடுக்கும் அன்றே கேட்டு வாங்குங்கள்

விபத்தில் நொறுங்கிய முகம், கட்டிக்காக வெட்டிய தாடை, கருப்புப் பூஞ்சையில் பறிபோன மேல்தாடை. இவற்றைச் சீரமைக்கும் முன், சி.டி. ஸ்கேனிலிருந்து நோயாளியின் எலும்பை முப்பரிமாண மாதிரியாக அச்சிட்டு, டைட்டானியம் தகட்டை அதன்மேல் வளைத்துப் பொருத்திப் பார்ப்பது இன்று வழக்கத்துக்கு வந்துவிட்டது. புதுச்சேரி முதலியார்பேட்டையில் இருப்பவர் ஸ்கேனை ஓரிடத்தில் எடுத்து, அறுவைக்குக் கோரிமேடு ஜிப்மருக்கோ சென்னைக்கோ போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பிழை எங்கே வருகிறது?

சி.டி. உடம்பை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கிறது. சாதாரண ரிப்போர்ட்டுக்கு 5 மி.மீ. அடுக்கு பல நேரம் போதும். மாதிரிக்கோ சுமார் 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய அடுக்கு வேண்டும். கண்குழியின் அடித்தள எலும்பு பல இடங்களில் ஒரு மி.மீ. கனம்கூட இருக்காது. தடித்த அடுக்கில் அது கீழேயுள்ள சைனஸ் காற்றோடு கலந்து பதிவாகும். கணினி அதை எலும்பாகவே கணக்கில் எடுக்காது. உடையாத எலும்பு மாதிரியில் ஓட்டையாக நிற்கும். எந்த அடர்த்திக்கு மேல் எலும்பு என்கிற எல்லையைக் கூட்டினால் மெல்லிய எலும்பு மறையும்; குறைத்தால் மாதிரி பருத்துவிடும். பல்லின் உலோகக் கேப்பும் தலை அசைவும் உருவத்தைச் சிதைக்கும்.

விளைவு: தகடு பொருந்தாமல் அறுவை நீளும், அல்லது மறுபடி ஸ்கேன், மறுபடி கதிர்வீச்சு.

என்ன செய்யலாம்?

• ‘முப்பரிமாண மாதிரிக்கு, மெல்லிய அடுக்கு’ என்று டாக்டரிடம் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.
• ஃபிலிமும் வாட்ஸ்அப் படமும் மாதிரிக்கு உதவாது. மெல்லிய அடுக்குகளின் டைகாம் (DICOM) எனும் டிஜிட்டல் ஸ்கேன் கோப்புகளை டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ கேளுங்கள்.
• அன்றே கேளுங்கள். மூலத் தரவு இயந்திரத்தில் இருக்கும்வரை, மீண்டும் கதிர்வீச்சு இல்லாமலே மெல்லிய அடுக்குகளை உருவாக்கலாம். இடம் போதாமல் அது சில நாளில் அழிக்கப்படலாம்.
• கட்டி வளர்ந்திருந்தால் பழைய ஸ்கேன் பொருந்தாது. டாக்டரிடம் தேதியைச் சொல்லுங்கள்.

உரிமையும் தீர்வும்

நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. எழுத்தில் கேட்டு, ஒப்புகை வாங்கி வையுங்கள். கட்டணம் செலுத்திய சேவையில் குறை இருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. ஆலோசனைக்கு 1915, இலவசச் சட்ட உதவிக்கு 15100.

ஸ்கேன் அறையில் கேட்கும் ஒரு கேள்வி, அறுவை மேசையில் ஒரு தவறைத் தடுக்கும். கூச்சப்படாமல் கேளுங்கள்.