பெட்டிக்குள் பழகும் கைகள்

சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோபி அறுவை சிகிச்சையில் மருத்துவர் கையை இடப்பக்கம் அசைத்தால், வயிற்றுக்குள் கருவியின் நுனி வலப்பக்கம் நகரும். கண் பார்ப்பதோ தட்டையான திரையை. இந்தத் தடுமாற்றம் நோயாளியிடம் வரும் முன்பே தீர்ந்தாக வேண்டும்.

அதற்குத்தான் பயிற்சிப் பெட்டி. உள்ளே முளைகள் பதித்த பலகையில் 6 ரப்பர் துண்டுகள். ஒவ்வொன்றையும் இடக்கைக் கருவியால் எடுத்து, அந்தரத்திலேயே வலக்கைக் கருவிக்கு மாற்றி, எதிர்முளையில் மாட்ட வேண்டும். பிறகு கை மாற்றி, எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும்.

2002-ல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வில், பெட்டிக்குப் பதில் கணினி சிமுலேட்டரில் பழகிய இளம் மருத்துவர்கள் பித்தப்பையை 29 சதவீதம் விரைவாகப் பிரித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ பக்கத்துத் திசுவைச் சுட்டுவிடவோ 5 மடங்கு வாய்ப்பு இருந்தது.

இந்தியாவில் 2020-ன் விதிமுறை, மருத்துவக் கல்லூரிகளில் இப்படித் திறன் பழகுவதற்கான ஸ்கில்ஸ் லேபைக் கட்டாயமாக்கியது.