டர்போ வண்டிக்கு எண்ணெயும் வடிகட்டியும்

(ஒரு கூட்டுறவு ஆய்வாளர்)

நம் சங்கங்களின் வாயிலில் மாட்டுவண்டி நின்ற காலம் போய்விட்டது. இன்று சரக்கு வண்டியும் டிராக்டரும் நிற்கின்றன. நூல் மூட்டை வந்து சேருவதும், நெய்த துணி கோ-ஆப்டெக்ஸுக்குப் போவதும், முந்திரிக்கொட்டையும் நிலக்கடலையும் விற்பனைக்குச் செல்லுவதும் இவற்றின் மூலமாகவே நடைபெறுகின்றன. வண்டி ஒரு வாரம் படுத்துவிட்டால் நூல் வராது. நூல் வராவிட்டால் தறி நிற்கும். தறி நின்றால் நெசவாளர் வீட்டில் அடுப்பு எரிவது கடினம். ஆதலின் வண்டியின் நலம் ஓட்டுநர் ஒருவர் கவலைப்படவேண்டிய காரியம் மட்டுமன்று. அங்கத்தினர் அனைவருடைய காரியமுமாகும்.

வண்டி வாங்குவதென்றால் நிர்வாகக் குழு பலமுறை கூடி ஆலோசிக்கிறது. வாங்கிய பின் அதற்கு ஊற்றும் எண்ணெயைப் பற்றியோ "ஆயில் மாற்றிய வகையில்" என்று செலவுச் சீட்டில் ஒரு வரி எழுதுவதோடு சரி. இக்குறையைப் பற்றி எழுத எனக்குத் தனிப்பட்ட காரணமும் ஒன்று உண்டு. அதனை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த பிழை

வரதராஜன்பேட்டைப் பக்கத்தில் நான் ஆய்வு செய்துவந்த சங்கங்களுள் ஒன்று, 2020க்குப் பின் வெளிவந்த டர்போ டீசல் சரக்கு வண்டி ஒன்றை வைத்திருந்தது. அதன் செயலாளர் எஞ்சின் எண்ணெயை லிட்டருக்கு 150 ரூபாய் அதிகம் கொடுத்து வாங்கியிருந்தார். வடிகட்டியையும் வண்டிக் கம்பெனியின் பெட்டியிலேயே, 300 ரூபாய் கூடுதல் விலைக்கு வாங்கியிருந்தார். கடைத்தெருவில் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது மிகைச் செலவு செய்தது ஏன் என்று நான் ஆய்வுக் குறிப்பில் எழுதினேன். "ஐயா, வண்டிப் புத்தகத்தில் இதைத்தான் போட்டிருக்கிறது" என்றார் அவர். "மூன்று விலைப்புள்ளி வாங்கினீர்களா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் பேசவில்லை.

அடுத்த முறை மூன்று விலைப்புள்ளிகள் வாங்கினார்கள். மூன்றிலும் "டீசல் எஞ்சின் ஆயில், 6 லிட்டர்" என்றுதான் இருந்தது. விலை குறைந்தது தேர்ந்தெடுக்கப்பட்டது. இரண்டு தடவை எண்ணெய் மாற்றியதில் சங்கத்திற்கு 2,400 ரூபாய் மிச்சமாயிற்று. நானும் குறை நிவர்த்தி செய்யப்பட்டதாக எழுதி முடித்தேன்.

சில மாதங்களில் வண்டியின் முகப்பில் மஞ்சள் விளக்கு அடிக்கடி எரியத் தொடங்கியது. பின்னர் மேட்டில் இழுவை குறைந்தது, நீலப்புகை வந்தது. பட்டறையில் பிரித்துப் பார்த்தபோது டர்போவின் தண்டு ஆடிற்று. பேரிங் கீறல் விழுந்திருந்தது. எண்ணெய் வரும் சிறு குழாயில் கரி பிடித்திருந்தது. வடிகட்டியின் உள்ளேயிருந்த காகிதம் மூட்டுவாயில் பிரிந்து கிடந்தது. பழுது பார்க்கவும், வண்டி நின்ற 19 நாட்களுக்கு வாடகை வண்டி பிடிக்கவும் 61,000 ரூபாய் செலவாயிற்று. அக்கணக்கைச் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டியவனும் நானே. செயலாளர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

அதன் பிறகு மெக்கானிக்குகளிடமும் வண்டிப் புத்தகங்களிலும் கற்றவற்றையே இங்கு எழுதுகிறேன்.

டர்போ என்பது யாது?

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகையின் வேகத்தால் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. காற்று அதிகம் கிடைப்பதால் அதிக டீசல் நன்றாக எரிந்து, சிறிய எஞ்சினே பெரிய எஞ்சினின் வேலையைச் செய்கிறது. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை கோரினார். அன்று பெரிய எஞ்சின்களுக்கென எண்ணிய கருவி, இன்று நம் ஊர்ச் சரக்கு வண்டியிலும் இருக்கிறது.

சிறு வண்டிகளின் டர்போ நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேலும் சுழலும். புகை பாயும் பக்கம் 600, 700 டிகிரி வரை சூடாகும். இவ்வளவு வேகத்தில் சுழலும் தண்டைத் தாங்குவது பேரிங்கிலுள்ள மெல்லிய எண்ணெய்ப் படலமே. தண்டு உலோகத்தில் உராயாமல் எண்ணெயில் மிதக்கிறது. தேய்மானத்தைத் தடுப்பதும் சூட்டை வாங்கிச் செல்லுவதும் அதே எண்ணெய்தான். எண்ணெய் சில விநாடிகள் வராமற்போனாலும், அழுக்கோடு வந்தாலும், சூட்டில் கரியாக மாறினாலும் முதலில் கெடுவது டர்போவாகும். டர்போ இல்லாத பழைய எஞ்சின் பொறுத்துக்கொண்ட பல குற்றங்களை இது பொறுக்காது.

பதமும் தரமும்

எண்ணெய் டப்பாவின்மேல் இரண்டு குறிகளைப் பார்க்க வேண்டும். முதலாவது பதம், இரண்டாவது தரம்.

பதத்தை நெசவாளர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பாவுக்குப் போடும் கஞ்சி நீர்த்துப்போனால் இழையில் நிற்காது. கெட்டியானால் உள்ளே இறங்காது. எண்ணெயும் அவ்வாறே. 15 டபிள்யூ 40, 5 டபிள்யூ 30 என்ற எண்கள் இப்பதத்தையே குறிக்கின்றன. டபிள்யூ என்பதற்கு முன்னுள்ள எண், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எண்ணெய் எவ்வளவு எளிதில் ஓடும் என்பதைக் காட்டும். எண் குறையக் குறைய எளிதில் ஓடும். பின்னுள்ள எண், 100 டிகிரிச் சூட்டில் எண்ணெய் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதைக் காட்டும்.

"நம்முடையது வெயில் ஊர்; தடித்த எண்ணெயே நல்லது" என்று பலர் கூறுவர். இது தவறு. ஓடும் எஞ்சினுக்குள் எண்ணெயின் சூடு எப்படியும் 100 டிகிரியை ஒட்டி நிற்கும். அதனை எஞ்சினைக் குளிர்விக்கும் அமைப்பே பெரிதும் தீர்மானிக்கிறது. வெளியே 30 டிகிரியா, 40 டிகிரியா என்பதால் அதிக வேற்றுமை வந்துவிடாது. 5 டபிள்யூ 30 கேட்கும் எஞ்சினில் 20 டபிள்யூ 50 ஊற்றினால், காலையில் வண்டி எடுக்கும்போது எண்ணெய் டர்போவைச் சென்றடையத் தாமதமாகும். அத்தாமதத்தில் பேரிங் தேய்கிறது. ஆகவே புத்தகத்தில் கண்ட பதமே பதம்.

இனித் தரம். எண்ணெயின் பெரும்பகுதி மூல எண்ணெயாகும். 1969ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய நமது மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் இது தயாராகி வந்துள்ளது. அதனோடு அழுக்கைப் பிடித்து வைப்பதற்கும், அமிலத்தை முறிப்பதற்கும், தேய்மானத்தைத் தடுப்பதற்கும் வெவ்வேறு சேர்க்கைப் பொருள்கள் கலக்கப்படுகின்றன. கலவை எந்தச் சோதனையில் தேறியது என்பதை ஏ.பி.ஐ. என்ற அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் குறி தெரிவிக்கும். எஸ் என்று தொடங்குவது பெட்ரோல் எஞ்சினுக்கு. சி என்று தொடங்குவது டீசலுக்கு. டீசல் வரிசையில் சி.எஃப்.-4 1990இலும், சி.எச்.-4 1998இலும், சி.ஐ.-4 2002இலும், சி.கே.-4 2016ஆம் ஆண்டின் இறுதியிலும் வந்தன. சி.எஃப்.-4 காலங்கடந்த தரமாகும். கடையில் மலிவாக இருக்கிறதென்று அதனை டர்போ வண்டிக்கு வாங்கலாகாது.

2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து விற்பனைக்கு வந்த பி.எஸ்.-6 டீசல் வண்டிகளில் இன்னொரு நுட்பம் உண்டு. இவற்றுள் பலவற்றின் புகைக் குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அதில் சேரும் கரியை வண்டி தானே எரித்துவிடும். ஆனால் எண்ணெயின் சேர்க்கைப் பொருள்கள் எரிந்தால் உண்டாகும் சாம்பல் எரியாது. அது அடைத்துக்கொண்டே போகும். எனவே இவ்வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய் வேண்டும். சி.கே.-4 தரத்தில் சாம்பல் நூற்றுக்கு 1 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. சில கம்பெனிகள் இதனினும் குறைவாகக் கேட்கின்றன. நான் சொன்ன வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்ததன் காரணம் இங்கேதான் இருந்தது.

டீசல் எண்ணெய் சில நாட்களில் கறுத்துவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. கரியை அது தன்னுள் பிடித்து வைத்திருக்கிறதென்றே கொள்ளலாம். ஆனால் அளவுகோலில் எண்ணெயின் மட்டம் நாளுக்கு நாள் ஏறினால் மகிழலாகாது. கரியை எரிப்பதற்காகச் செலுத்தப்படும் டீசல் எண்ணெயில் கலந்து அதனை நீர்க்கச் செய்கிறது என்பது பொருள். ஊருக்குள்ளேயே சிறு தூரம் ஓடி நின்றுவிடும் வண்டிகளில் இது நேரும். விளக்கு எரியும்போது புத்தகத்திற் சொன்னபடி சிறிது நேரம் தொடர்ந்து ஓட்டிக் கரியை எரியவிட வேண்டும். மட்டம் ஏறிவிட்டால் எண்ணெயை மாற்ற வேண்டும்.

நம் சாலைத் தூசியும் வடிகட்டிகளும்

எண்ணெய் வடிகட்டி பார்வைக்கு ஒரு தகரக் குப்பி. உள்ளே காகித மடிப்புகளும், எஞ்சின் நின்றபின் எண்ணெய் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பரும், அடைத்துக்கொண்டால் எண்ணெயை வேறு வழியே விடும் வால்வும் இருக்கின்றன. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் இரண்டு வடிகட்டிகளில் இவை ஒன்றுபோல இரா. திருகு மரை பொருந்திவிட்டதால் வடிகட்டி பொருந்திவிட்டதென்று எண்ணக் கூடாது. கம்பெனி குறித்த எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். எண்ணெய் மாற்றும்போதெல்லாம் இதனையும் மாற்றிவிடுவது நலம். புது எண்ணெயைப் பழைய வடிகட்டி வழியே ஓட விடுவது, குளித்துவிட்டு அழுக்கு வேட்டியை உடுப்பது போன்றதாகும்.

காற்று வடிகட்டி நம் பகுதிக்கு மிக முக்கியமானது. ஆண்டிமடம், வரதராஜன்பேட்டைப் பக்கத்துச் செம்மண்ணும், அரியலூர்ப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் தூசியும் நாமறிந்தவை. டர்போவின் காற்றுச் சக்கரம் சுழலும் வேகத்தில் நுண்ணிய மணலும் அதன் இதழ்களை அரித்துவிடும். ஆகவே புத்தகத்தில் "கடினமான உபயோகம்" என்று தனியே குறித்திருக்கும் கால அளவே நமக்குப் பொருந்தும். சாதாரண அளவு பொருந்தாது. காகித வடிகட்டியைத் தரையில் தட்டுவதும், வெளிப்புறத்திலிருந்து பலமாகக் காற்றடிப்பதும் கூடா, காகிதம் கிழிந்துவிடும். கம்பெனி அனுமதித்தால் உள்ளிருந்து வெளியே, குறைந்த அழுத்தத்தில் ஊதலாம். உள்ளே இரண்டாவது சிறு வடிகட்டி இருந்தால் அதனைத் துடைத்து மாட்டலாகாது, மாற்றவே வேண்டும். வடிகட்டிக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயின் பிடி தளர்ந்திருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த வடிகட்டியும் வீணே.

டீசல் வடிகட்டியைப் பற்றி ஒரு சொல். இக்கால எஞ்சின்கள் டீசலை 1,600 பார் அளவிலும் அதற்கு மேலும் அழுத்திப் பீச்சுகின்றன. அதில் தண்ணீர் கலந்தால் பீச்சும் கருவி கெடும். வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்து அவ்வப்போது தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

ஓட்டுநர் செய்ய வேண்டுவன அதிகமில்லை. வண்டியை எடுத்தவுடன் ஆக்சிலேட்டரை அழுத்தாமல், எண்ணெய் டர்போவுக்குச் செல்லச் சற்றுப் பொறுக்க வேண்டும். பாரத்தோடு ஓடி வந்தபின் உடனே நிறுத்தாமல் ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்த வேண்டும். சூடான டர்போவில் எண்ணெய் நின்றுபோய்க் கரியாவதை இது தடுக்கும்.

தீர்மானம் எவ்வாறு இருக்க வேண்டும்?

நாம் நூல் வாங்கும்போது "நூல் வேண்டும்" என்று மட்டும் எழுதி விலைப்புள்ளி கேட்பதில்லை. 40ஆம் நம்பரா, 60ஆம் நம்பரா என்று குறித்தே கேட்கிறோம். 60 கேட்ட இடத்தில் 40ஆம் நம்பர் மலிவாக வந்தால் அதனை மிச்சமென்று எந்த நெசவாளரும் ஏற்கமாட்டார். எண்ணெய்க்கு மட்டும் இவ்வறிவை நாம் பயன்படுத்தாமற் போனோம். குறைந்த விலைக்கு வாங்க வேண்டுமென்ற விதி நல்ல விதியே. ஒரே தரமுள்ள பொருள்களுக்குள் விலையை ஒப்பிட வேண்டுமென்பது அவ்விதியின் உட்பொருள். அதனை நான் மறந்ததே பிழை.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் தன் வண்டிப் புத்தகத்தைப் பார்த்து, எண்ணெயின் பதம், ஏ.பி.ஐ. தரம் அல்லது கம்பெனியின் ஒப்புதல் எண், மூன்று வடிகட்டிகளின் எண்கள், மாற்ற வேண்டிய கிலோமீட்டர் அல்லது மணிநேரம், மாதக் கெடு ஆகியவற்றைத் தீர்மானத்தில் எழுதிவிட வேண்டும். கிலோமீட்டர், கெடு இவற்றுள் எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும். இவற்றைக் குறித்த பிறகே விலைப்புள்ளி கேட்க வேண்டும். வண்டிப் பதிவேட்டில் மாற்றிய தேதி, ஓடிய தூரம், எண்ணெயின் பெயர், தொகுதி எண், அளவு, பட்டியல் எண் ஆகியவற்றைப் பதிந்து, ஓட்டுநரும் செயலாளரும் கையொப்பமிடுதல் நன்று.

போலி எண்ணெயும் போலி வடிகட்டியும் சந்தையில் உண்டு. அங்கீகாரம் பெற்ற கடையில், முத்திரை உடையாத டப்பாவில், பட்டியலோடு வாங்க வேண்டும். காலி டப்பாவைத் துளையிட்டே அப்புறப்படுத்த வேண்டும். இல்லையேல் அதிலேயே போலி எண்ணெய் நிரம்பி நம்மிடம் திரும்பி வரும். வடித்த பழைய எண்ணெய் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவாகும். அதனைச் சாக்கடையிலும் கிணற்றோரத்திலும் கொட்டாமல், பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குச் சேரும்படி செய்ய வேண்டும். குடிப்பதும் சாயம் நனைப்பதும் நாம் அந்த நிலத்து நீரில்தானே!

நான் குறிப்பிட்ட சங்கம் இப்போது தன் தீர்மானத்தைத் திருத்தியிருக்கிறது. அதனை அடுத்து ஆய்வுக்குச் சென்றபோது, முன்பு மிகைச் செலவு என்று நான் எழுதியது சரியன்று என்று என் கையாலேயே குறிப்பெழுதி வைத்தேன். செயலாளர் அதைப் படித்துவிட்டு, வண்டிப் புத்தகத்தை எடுத்து என்முன் வைத்து, "இதையும் பார்த்துவிடுங்கள், ஐயா" என்றார். இருவரும் சேர்ந்தே அதைப் படித்தோம். உங்கள் சங்கத்து வண்டிப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறதென்பதை அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர்கள் கேட்டறிவார்களாக.