பால் கணக்கு போல ஒரு மனக்கணக்கு

"எப்பலேர்ந்து தூக்கம் இல்ல?" என்று சிதம்பரத்தில் ஒருவரைக் கேட்டால், "தேருக்கு முன்னாடியே" என்று பதில் வரலாம். எந்தத் தேர்? நடராஜருக்கு ஆனியிலும் தேர், மார்கழியிலும் தேர். நடுவே ஆறு மாதம். கடலூரில் அளவுகோல் இன்னும் நீளம்: சுனாமிக்கு முன்னால், தானே புயலுக்கு அப்புறம். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கரையேறிய அந்தப் புயல், பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்ததைப் பார்த்தவர்கள் இன்றும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். போன செவ்வாய்க்கிழமை எப்படிப் போனது என்று கேளுங்கள், யோசிப்பார்கள்.

மருத்துவருக்கு வேண்டியதோ அந்தச் செவ்வாய்க்கிழமைதான். மனச்சோர்வை அளக்கப் பல நாடுகளில் புழங்கும் பிஎச்கியூ-9 படிவத்தில் 9 கேள்விகள். கடந்த 2 வாரத்தில் தூக்கம், பசி, சோர்வு, ஆர்வமின்மை எத்தனை நாள் தொந்தரவு செய்தன என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பதினான்கு நாளையும் விரல்விட்டு எண்ணியா பதில் சொல்கிறோம்? நேற்று ராத்திரி கண் மூடவில்லை என்றால் "தூக்கமே இல்லீங்க டாக்டர்" என்போம். மனசு சோர்ந்திருக்கையில் சோர்ந்த நாட்களே முந்திக்கொண்டு ஞாபகத்துக்கு வரும், கொஞ்சம் தெளிந்திருந்தால் "பரவால்லீங்க." யாரும் பொய் சொல்லவில்லை.

இந்தச் சிக்கலுக்கு நம் அடுக்களைச் சுவரில் விடை தொங்குகிறது. பால் வராத நாளைக் காலண்டரில் அன்றைக்கே சுழிக்கிறோம். மாதக் கடைசியில் யோசித்துச் சொன்னால் பால்காரரோடு தகராறுதான்.

உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி 1970களில் சிகாகோவில் ஆட்களிடம் பேஜரைக் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் அந்த நேரத்து மனநிலையை எழுதவைத்தார். இப்போது அந்த வேலையைக் கைபேசி செய்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸும் போபாலில் சங்காத் அமைப்பும் பாஸ்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து, மனச்சிதைவு நோய் திரும்புவதை முன்கூட்டியே கண்டுபிடிக்கக் கைபேசிச் செயலியைச் சோதித்திருக்கின்றன.

காகிதத்தில் எழுதினால் ஆகாதா? ஆகும், அன்றன்றே எழுதினால். 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாள்பட்ட வலியுள்ளவர்களுக்குக் கொடுத்த குறிப்பேட்டில் அவர்களுக்குத் தெரியாமல் ஒளி உணரி வைத்தார்கள். குறித்த நேரத்தில் எழுதியதாக அவர்கள் காட்டியது 90 சதவீதம். ஏடு திறந்ததை வைத்துப் பார்த்தால் 11. பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

அதனால் விட்டுப்போன நாளைப் பிறகு நிரப்ப வேண்டாம். கட்டம் காலியாகவே இருக்கட்டும். ஏன் காலி என்று மருத்துவர் கேட்பார், அதுவும் ஒரு தகவல். எத்தனை மணிக்குத் தூங்கினேன், மனசுக்குப் பத்துக்கு எத்தனை, இரண்டு எண் போதும். மணிக்கொரு தரம் தன்னையே அளந்துகொண்டிருந்தால் சிலருக்குப் பதற்றம் கூடும். அவர்கள் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லலாம். எண்ணுக்குள் அடங்காததும் உண்டு. "எப்படியோ ஓட்டிட்டேன்" என்று மாதக் கடைசியில் ஒருவர் சொல்வதில் இருக்கும் களைப்பு எந்தக் கட்டத்திலும் பதியாது. எதிரே உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

படிவத்தின் ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ வரும் எண்ணத்தைப் பற்றியது. அதற்குக் காலண்டர் வேண்டாம், அடுத்த ஓபி நாள்வரை காத்திருக்கவும் வேண்டாம். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.