பலகையில் கருப்புக் கோடு! ரம்பம் கொடுக்கும் எச்சரிக்கை

தச்சுப் பட்டறை. காலை நேரம். கதவு செய்வதற்காகத் தேக்குப் பலகை அறுக்கிறார்கள்.

ரம்பம் "கிர்ர்ர்" என்று சுற்றுகிறது. பலகை பாதி தூரம் போனதும் சத்தம் மாறுகிறது. கரிந்த வாடை வருகிறது. லேசாகப் புகையும் கிளம்புகிறது. அறுத்து எடுத்த பலகையைப் பார்த்தால், ஓரத்தில் சூடு போட்டதுபோல ஒரு கருப்புக் கோடு!

"பிளேடு போச்சு அண்ணே. புதுசு வாங்கணும்" என்கிறார் இளைய தச்சர்.

"பொறு தம்பி! மொதல்ல சுவிட்சை அணைச்சிட்டு பிளக்கைப் புடுங்கு. அப்புறம் பார்க்கலாம்" என்கிறார் பெரிய ஆசாரி.

பெரிய ஆசாரி சொன்னதே சரி. கருப்புக் கோட்டுக்குப் பிளேடு மட்டும் காரணம் அல்ல. பிளேடை மாற்றியும் கோடு போகாமல் திண்டாடுகிறவர்கள் பலர்.

ரெயிலை மிஞ்சும் வேகம்

மேஜை ரம்பம் என்பது என்ன? ஒரு மேஜை. அதன் நடுவே நீளமான பிளவு. அந்தப் பிளவு வழியாக, வட்டமான பிளேடு தலையை நீட்டிக்கொண்டு சுற்றும். மேஜைக்கு அடியில் மோட்டார். பலகையை ஒட்டிப் பிடித்துத் தள்ளுவதற்காகப் பக்கத்தில் நேரான ஒரு கட்டை. அதற்குப் பெயர் கைடு.

10 அங்குலப் பிளேடு ஒன்று நிமிஷத்துக்கு 4 ஆயிரம் தடவை சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். அதன் பல்லின் முனை மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது! நம் ஊர் எக்ஸ்பிரஸ் ரெயில்கூட அந்த வேகத்தில் போவது இல்லை. அதற்குப் பக்கத்தில்தான் தச்சரின் விரல்கள் இருக்கின்றன.

பின்பக்கம் நெருக்கினால் ஆபத்து

கைடும் பிளேடும் ரெயில் தண்டவாளம் மாதிரி இருக்க வேண்டும். முன்னால் எவ்வளவு இடைவெளியோ, பின்னாலும் அவ்வளவு.

பின்பக்கம் குறுகிவிட்டால் என்ன ஆகும்? பலகை இடுக்கில் மாட்டிக்கொள்ளும். பிளேடு அறுப்பதை விட்டுவிட்டு உரசத் தொடங்கும். உரசினால் சூடு. சூட்டினால் கருப்புக் கோடு.

கோட்டோடு போனால் பரவாயில்லை. பிளேடின் முன்பக்கத்துப் பற்கள் மேலே இருந்து கீழே இறங்குகின்றன; பலகையை மேஜையோடு அழுத்துகின்றன. பின்பக்கத்துப் பற்களோ கீழே இருந்து மேலே ஏறுகின்றன. மாட்டிக்கொண்ட பலகையை அவை கவ்வித் தூக்கி, எதிரே நிற்கும் ஆளின் மேல் வீசி விடும்! பலகை வயிற்றில் அடிக்கலாம், முகத்தில் அடிக்கலாம். அந்த அதிர்ச்சியில் கை தடுமாறிப் பிளேடில் போய் விழுந்துவிடலாம்.

பலகையைக் கருக்கும் கோளாறும், ஆளை அடிக்கும் கோளாறும் பல நேரங்களில் ஒன்றுதான். கோடு முதலில் வருகிறது. அடி பிறகு வருகிறது.

சாக்கட்டி போதும்

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பிளேடின் ஒரு பல்லில் சாக்கட்டியால் அடையாளம் போட வேண்டும். அந்தப் பல் முன்பக்கம் இருக்கும்போது, அதற்கும் கைடுக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். பிறகு பிளேடைக் கையால் மெதுவாகச் சுற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி அளக்க வேண்டும். இரண்டும் சமமாக இருக்கலாம். பின்பக்கம் ஒரு மயிரிழை அதிகம் இருக்கலாம். குறையவே கூடாது.

குறைந்தால், கைடின் போல்ட்டைத் தளர்த்தி நேராக்கி முடுக்க வேண்டும். சில சமயம் கோணல் கைடில் இருக்காது. அதிர்ந்து அதிர்ந்து, பிளேடு மாட்டிய சாப்டைத் தாங்கும் போல்ட்டுகள் கழன்றிருக்கும். அவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. பிளேடை அசைத்தால் ஆடுகிறதா? பேரிங் தேய்ந்திருக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் மரமே சதி செய்வது உண்டு. ஈர மரமும், முறுக்கிய மரமும் அறுபட்டதும் சுருங்கி, பிளேடைப் பின்னால் இறுக்கிப் பிடிக்கும். அதைத் தடுக்கத்தான் பிளேடுக்குப் பின்னால் ஒரு இரும்புத் தகடு வைக்கிறார்கள். அறுபட்ட இரண்டு பாதியும் ஒட்டாமல் அது காக்கும். பலர் அதை இடைஞ்சல் என்று கழற்றி மூலையில் எறிந்துவிடுகிறார்கள். பட்டறையில் செய்யும் தவறுகளில் இதைவிட மோசமானது இல்லை!

சலவை சோடா வைத்தியம்

கைடு நேராக இருந்தும் பலகை கருகினால், பிளேடைப் பார்க்கலாம். மரத்தின் பிசின் பற்களில் அப்பிக்கொண்டு, பிளேடு மொட்டையானதுபோல் காட்டும். துணி துவைக்கும் சலவை சோடாவை வெந்நீரில் கரைத்து, சிறிது நேரம் ஊறவைத்து, பழைய பிரஷால் தேய்த்தால் பிசின் போய்விடும். பிறகு நன்றாகத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவ வேண்டும். அதற்குப் பிறகும் அறுக்க மறுத்தால்தான் சாணைக்கு அனுப்ப வேண்டும்.

பிளேடைத் திரும்ப மாட்டும்போது கவனம் தேவை. மேஜைக்கு மேலே தெரியும் பற்கள், நிற்கிற ஆளைப் பார்த்து வளைந்திருக்க வேண்டும். திருப்பி மாட்டிவிட்டு, "அறுக்கவில்லையே" என்று மோட்டாரைத் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்!

மோட்டார் சுற்றுகிறது, ஆனால் மரம் பட்டதும் பிளேடு நின்றுவிடுகிறதா? பெல்ட் தளர்ந்திருக்கும். மோட்டார் சுற்றாமல் "ம்ம்" என்று முனகுகிறதா? வீட்டு மின்விசிறி முனகுவதும் இதே போலத்தான். கண்டன்சர் போயிருக்கலாம். மூன்று பேஸ் மோட்டாராக இருந்தால் ஒரு பேஸ் வராமல் இருக்கலாம். உடனே அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் சூடேறிக் கருகிவிடும். இந்த வேலை எலக்ட்ரீசியனுடையது. கண்டன்சர், மின்சாரம் நின்ற பிறகும் அடிக்கக்கூடியது.

நிமிஷத்தில் அல்ல, நொடியில்!

அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர் 1999-ல் ஒரு யோசனை செய்தார். பிளேடில் மிகச் சிறிய மின் துடிப்பை ஓடவிட்டால் என்ன? காய்ந்த மரம் பட்டால் அது மாறாது. விரல் பட்டால் மாறும். மாறிய உடனே ஒரு அலுமினியக் கட்டை பாய்ந்து பிளேடைக் கவ்வி நிறுத்திவிடும். நொடியில் 200-ல் ஒரு பங்கு நேரம்தான்! தன் விரலையே பிளேடில் வைத்து அவர் சோதித்துக் காட்டினார். லேசான காயத்தோடு விரல் தப்பியது. சாஸ்டாப் என்ற பெயரில் 2004 முதல் அந்த ரம்பம் விற்பனைக்கு வந்தது.

அந்த ரம்பம் விலை அதிகம். ஆனால் தள்ளுகட்டைக்கு விலை இல்லை. கழிவு மரத்தில் ஒரு முழக் கட்டையை வெட்டி, முனையில் பலகையைப் பிடிக்க ஒரு காடி எடுத்தால் போதும். கடைசித் துண்டைத் தள்ள விரலுக்குப் பதில் அந்தக் கட்டை போகும். தோளில் தொங்கும் துண்டையும் கழற்றி வைத்துவிட வேண்டும். நேர் எதிரே நிற்காமல், ஒதுங்கி நிற்க வேண்டும்.

பட்டறைக்கு வருவோம். பெரிய ஆசாரி சாக்கட்டி போட்டு அளந்தார். பின்பக்கம் 2 மில்லிமீட்டர் குறைந்திருந்தது! கைடை நேராக்கி முடுக்கினார். மறுபடி பலகை ஓடியது. சத்தம் மாறவில்லை. புகை இல்லை. ஓரம் வெள்ளையாக வந்தது.

"புது பிளேடு வேணுமா தம்பி?" என்று சிரித்தார்.

இளைய தச்சர் பதில் பேசவில்லை. மூலைக்குப் போய், மரத்தூளில் புதைந்து கிடந்த இரும்புத் தகட்டை எடுத்துத் துடைத்தார். பிறகு ஸ்பேனரைத் தேடினார்.