அயல்நாட்டு விவகாரமும் வால்ட்டர் லிப்மனும்

உலக விவகாரங்களைப் பற்றி எழுதுகிறவனுக்கு ஒரு தொல்லை உண்டு. அவன் எழுதும் பொருளை அவன் பெரும்பாலும் கண்ணால் கண்டதில்லை, படிக்கிறவரும் கண்டதில்லை. இருவருக்கும் நடுவே தந்தியும், செய்தித்தாளும், அரசாங்கத்தார் தரும் விளக்கமும் நிற்கின்றன. நானும் சிறிது காலம் இத்துறையில் எழுதிப் பழகியவன். ஆதலால் அனுபவித்தே சொல்கிறேன். இந்தத் தொல்லையையே தம் ஆராய்ச்சிக்குப் பொருளாக்கிக் கொண்ட அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒருவரைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். அவர் பெயர் வால்ட்டர் லிப்மன்.

1889-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பிறந்து, ஹார்வர்டில் பயின்று, 1914-இல் 'நியூ ரிபப்ளிக்' என்ற வார இதழைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார். மூன்று ஆண்டுகளில் அரசாங்கமே அவரை அழைத்துக்கொண்டது. போர் முடிந்தபின் ஐரோப்பாவின் எல்லைகளை எவ்வாறு வகுப்பது என்று ஆராய்ந்த குழுவுக்கு அவர் செயலாளர். 1918 ஜனவரியில் ஜனாதிபதி வில்ஸன் வெளியிட்ட பதினான்கு அம்சங்களில், எல்லைகளைப் பற்றியவை பெரிதும் அந்தக் குழுவின் குறிப்பிலிருந்து பிறந்தவை. அப்போது அவருக்கு வயது 28. அடுத்த ஆண்டே, வெர்ஸேல்ஸ் உடன்படிக்கை அந்த அம்சங்களுக்கு மாறானது என்று கண்டு அவரும் அவருடைய இதழும் அதை எதிர்த்தனர்.

1920-இல் அவர் சார்லஸ் மெர்ஸ் என்ற நண்பருடன் சேர்ந்து விசித்திரமான ஒரு வேலை செய்தார். ரஷ்யப் புரட்சியைப் பற்றி 'நியூயார்க் டைம்ஸ்' மூன்று ஆண்டுகளாக வெளியிட்ட செய்திகளை எடுத்து வரிசையாகப் படித்தார்கள். போல்ஷ்விக் ஆட்சி கவிழப்போகிறது, அல்லது கவிழ்ந்தே விட்டது என்று 91 முறை செய்தி வந்திருந்தது. ஆட்சியோ கவிழவில்லை. யாரும் திட்டமிட்டுப் பொய் சொன்னதாக அவர்கள் குற்றம் சாட்டவில்லை. எழுதியவர்களின் ஆசையும் அச்சமும் செய்தியின் உருவில் வெளிவந்தன என்பதே அவர்கள் கண்ட முடிவு.

இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த 'பொதுஜன அபிப்பிராயம்' என்ற நூலை ஒரு தீவைக் காட்டித் தொடங்குகிறார். 1914-இல் அங்கே சில ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் வாழ்ந்தார்கள். தந்தி இல்லை, தபால் கப்பல் அறுபது நாளுக்கு ஒரு முறைதான் வரும். செப்டம்பரில் கப்பல் வந்தபோதுதான், ஆறு வாரத்திற்கும் மேலாகத் தாங்கள் ஒருவருக்கொருவர் பகைவர்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்தது. அத்தனை நாளும் நண்பர்களாகவே பழகியிருந்தார்கள்! மனிதன் நடந்துகொள்வது உலகத்தைப் பார்த்தன்று, மனத்திலுள்ள படத்தைப் பார்த்தே என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கியதாக எனக்குத் தெரியவில்லை.

1931 முதல் 'இன்றும் நாளையும்' என்ற தலைப்பில் அவர் எழுதிய கட்டுரைகள் நூற்றுக்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் வந்தன. அயல்நாட்டுக் கொள்கையைப் பற்றி அவர் கூறியது ஓர் இல்லறத்தானுக்கும் விளங்கும். பிற நாடுகளுக்கு நாம் தரும் வாக்குறுதி கடனைப் போன்றது. நம்முடைய படைபலமும் நட்பு நாடுகளின் பலமும் கையிருப்பு. கையிருப்பு கடனை மிஞ்சி நிற்கவேண்டும். 1943-இல் எழுதிய நூலில் இதற்குப் பிலிப்பைன்ஸை உதாரணம் காட்டினார். 1898-இல் அமெரிக்கா அந்தத் தீவுகளைக் கைக்கொண்டது. காப்பதற்குப் போதிய பலத்தைத் தேடவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பான் வந்து அந்தக் கணக்கைத் தீர்த்தது. வலியறிதலுக்குத் தனி அதிகாரமே வகுத்த மொழிக்கு உரியவர்களான நமக்கு இது புதிய பாடமன்று.

1947-இல் ஜார்ஜ் கென்னன் தம் பெயரை மறைத்து எழுதிய கட்டுரையொன்று, சோவியத் யூனியனை எங்கும் விரிய விடாமல் தடுத்து நிறுத்த வேண்டும் என்றது. லிப்மன் கட்டுரைத் தொடர் எழுதி மறுத்தார். எங்கும் தடுப்பது என்றால், எப்போது எந்த இடத்தில் மோதுவது என்பதை எதிரியே தீர்மானிப்பான். உறுதியற்ற சிறு ஆட்சிகளையெல்லாம் அமெரிக்கா தோளில் சுமக்க நேரிடும் என்றார். அத்தொடர் 'பனிப்போர்' என்ற பெயரில் நூலாயிற்று. அந்தச் சொல்லை அவரே படைத்தார் என்று சிலர் கூறுவது சரியன்று. ஆர்வெல் முதலியோர் முன்பே ஆண்டிருந்தனர். பரவச் செய்தவர் லிப்மன். வேடிக்கை என்னவென்றால், தாம் கருதியதும் படைபலத்தால் தடுப்பதையன்று என்று கென்னன் பிற்காலத்தில் எழுதினார்.

இவ்வளவு தெளிந்த மனிதர் தவறவில்லையா? தவறினார், அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1942 பிப்ரவரியில் கலிபோர்னியாவுக்குச் சென்று, அங்குள்ள அதிகாரிகளின் பேச்சைக் கேட்டு, மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வமிசத்தாரால் ஆபத்து உண்டு என்று எழுதினார். இதுவரை நாசவேலை எதுவும் நடக்கவில்லையே என்றால், அதுவே சந்தேகத்திற்கு இடம் என்றார்! ஒரு வாரத்தில் ஜனாதிபதியின் உத்தரவு பிறந்தது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைபட்டனர்; பெரும்பாலோர் அமெரிக்கப் பிரஜைகள். அமெரிக்க அரசாங்கம் 1988-இல் மன்னிப்புக் கேட்டது. 1920-இல் பிறருடைய அச்சம் செய்தியாவதை எண்ணிக் காட்டியவர், தம்முடைய அச்சத்தை எண்ணிப் பார்க்கவில்லை. அவருடைய நூல்களைப் படிக்கும்போதெல்லாம் இக்கட்டுரை என் நினைவுக்கு வருகிறது.

முதுமையிலும் அதிகாரத்தின் வாசல் அவருக்குத் திறந்தே இருந்தது. 1961-இல் கருங்கடற்கரையில் குருஷ்சேவைக் கண்டு எழுதிய கட்டுரைகளுக்கு மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. 1964-இல் ஜனாதிபதி ஜான்ஸன் நாட்டின் உயர்ந்த பதக்கத்தை அளித்தார். வெள்ளை மாளிகைக்கு அழைத்து யோசனை கேட்டார். ஆயினும் வியட்நாமில் படை பெருகத் தொடங்கியதும், லிப்மன் பழைய கணக்குப் புத்தகத்தையே திறந்தார். ஆசியக் கண்டத்தில் தரைப்படையைக் கொண்டு வெல்ல இயலாது, அமெரிக்காவின் உயிர் நலம் எதுவும் அங்கே இல்லை என்று விடாமல் எழுதினார். வாசல் மூடியது. நெடுநாள் நண்பர்கள் சிலர் விருந்துக்கு அழைப்பதை நிறுத்தினார்கள். 1967-இல், தம் 77-ஆம் வயதில், வழக்கமான கட்டுரையை நிறுத்திவிட்டு வாஷிங்டனை விட்டு நியூயார்க்குக்குத் திரும்பினார். 1974 டிசம்பரில் அங்கேயே காலமானார். வியட்நாம் போர் முடிய அப்போது இன்னும் நான்கு மாதங்களும் சில நாட்களும் இருந்தன.