மருந்தைத் தொடர்வதா, நிறுத்துவதா?

வைத்தீஸ்வரன் கோயிலில் இறைவன் மருத்துவராகவே எழுந்தருளியிருக்கிறார். உடன் வந்த தையல்நாயகி அம்பிகை தைலப் பாத்திரத்தைக் கையில் ஏந்தி வந்ததாகத் தலவரலாறு கூறும். நோய் தீர்ப்பவர் ஒருவர். மருந்தைச் சுமந்து துணை வருபவர் மற்றொருவர். திருக்குறளின் 95ஆம் அதிகாரமான ‘மருந்து’ இதை இன்னும் விரித்துச் சொல்கிறது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் ஆகிய நால்வகையும் சேர்ந்ததே மருத்துவம் என்பது வள்ளுவர் வகுத்த முறை. அவர் வரிசையில் முதலிடம் நோயுற்றவருக்கே என்பது கருதத்தக்கது.

இந்த நான்கு அங்கங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமல் போகும்போது நேரும் தீங்கை, மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து உண்ணும் முதிய பெண்களின் வாழ்வில் தெளிவாகக் காணலாம். மருந்தின் தொல்லை தாங்காமல், மருத்துவரிடமும் சொல்லாமல், பிள்ளைகளிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அதே தொல்லையை, ‘இது என் வினைப்பயன்’ என்று வாய்மூடிச் சுமப்பவர்களும் உண்டு. இரண்டும் இரு துருவங்களாகத் தோன்றினாலும், இரண்டுக்கும் வேர் ஒன்றே. அது மௌனம்.

எல்லாம் முடிந்த பின் தொடங்கும் சோதனை

மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சையில் அறுவை, கீமோதெரபி, கதிர்வீச்சு ஆகியவற்றைப் பற்றிக் குடும்பத்தார் அனைவரும் அறிவர். அந்த மாதங்களில் வீடே நோயாளியைச் சூழ்ந்து நிற்கிறது. முடி உதிர்வது கண்ணுக்குத் தெரிகிறது. வாய்ப்புண்ணும் குமட்டலும் கஞ்சிக் கிண்ணம் திரும்பி வருவதிலேயே தெரிந்துவிடுகின்றன. சில மருந்துகளால் விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. கோலப்பொடி விரலிடுக்கில் நழுவுகிறது. விளக்குத் திரி திரிக்க வருவதில்லை. இவையெல்லாம் பெருந்துன்பங்களே, ஆயினும் அவற்றுக்குச் சாட்சிகள் உண்டு.

ஊசிகள் முடிந்து, தலைமுடி மீண்டும் வளர்ந்து, உறவினர் ‘இனி ஒன்றும் கவலையில்லை’ என்று சொல்லத் தொடங்கிய பின்னர்தான் சாட்சியில்லாத சோதனை தொடங்குகிறது. அது நாளொன்றுக்கு ஒன்றாக, குறைந்தது 5 ஆண்டுகள் எடுக்கவேண்டிய ஹார்மோன் தடுப்பு மாத்திரை.

மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜென் என்னும் ஹார்மோனை உணவாகக் கொண்டு வளர்பவை. கிளாஸ்கோ நகரின் அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் 1896ஆம் ஆண்டிலேயே, சூலகங்களை அகற்றினால் சில பெண்களுக்கு மார்பகக் கட்டி சுருங்குவதைக் கண்டு எழுதினார். அந்த அறுவை செய்த வேலையை இன்று மாத்திரைகள் செய்கின்றன. தமாக்சிஃபென் என்னும் மாத்திரை, ஈஸ்ட்ரோஜென் நோயணுவுக்குள் நுழையும் வாசலை அடைத்துவிடுகிறது. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் ஆகியவை வேறு வழியில் செயல்படுகின்றன. மாதவிடாய் நின்ற பிறகும் உடலின் கொழுப்புத் திசுக்களில் சிறிதளவு ஈஸ்ட்ரோஜென் உருவாகிக்கொண்டே இருக்கும். அந்த ஊற்றையே இவை அடைத்துவிடுகின்றன.

ஊற்று வற்றினால் நோயணு மட்டும் வாடுவதில்லை. மூட்டுகளும் எலும்புகளும் வாடுகின்றன. காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடிவதில்லை. சந்நிதியில் அமர்ந்தால் எழுந்திருக்கக் கை கொடுக்க ஆள் வேண்டியிருக்கிறது. நள்ளிரவில் திடீரென உடல் கொதித்து வியர்க்கிறது. ‘வயதானால் முழங்கால் வலிக்கத்தானே செய்யும்’ என்று வீட்டார் சொல்ல, அவரும் அப்படியே நம்பிவிடுகிறார். அல்லது மாத்திரையின் வேலைதான் இது என்று தாமே கண்டுகொண்டு, ஓசையின்றி அதை நிறுத்திவிடுகிறார்.

எவ்வளவு தருகிறது, எவ்வளவு பறிக்கிறது?

தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்க, மாத்திரை தரும் பலனின் அளவு முதலில் தெரியவேண்டும். உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2011ஆம் ஆண்டு வெளியான கணக்கு ஒன்று உண்டு. ஹார்மோன் சார்ந்த நோயுடையவர்கள் தமாக்சிஃபெனை 5 ஆண்டுகள் எடுத்துக்கொண்டால், நோய் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைகிறது. 15 ஆண்டுக் காலத்தில் அந்நோயால் நேரும் மரணங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகின்றன. மாத்திரையை நிறுத்திய பின்னும் அதன் காவல் பல ஆண்டுகள் நீடிக்கிறது.

‘ஐந்தில் இரண்டு பங்கு’ என்பது எல்லாருக்கும் ஒரே தொகை அன்று. முதலைப் பொறுத்தே வட்டி அமையும். பெரிய கட்டி, அக்குளில் நிணநீர்க் கணுக்களுக்கும் பரவிய நோய் உடையவர்களில் நூற்றுக்கு 30 பேருக்கு நோய் திரும்பக்கூடும் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொண்டால், மாத்திரை அதை 18 ஆக்கும். 12 பேர் காக்கப்படுவர். மிகச் சிறிய, மெதுவாக வளரும் கட்டி உடையவர்களில் நூற்றுக்கு 5 பேருக்குத் திரும்பக்கூடும் என்றால், அது 3 ஆகும், காக்கப்படுபவர் இருவர். மாத்திரை ஒன்றே, வலியும் ஒன்றே. பலனோ ஆறு மடங்கு வேறுபடுகிறது.

ஆகவே மருத்துவரிடம் கேட்கவேண்டிய முதற்கேள்வி, ‘இந்த மருந்து நல்லதா?’ என்பதன்று. ‘என் நோய்க்கு, என் வயதுக்கு, நூற்றில் எத்தனை பேருக்கு இது உதவும்?’ என்பதே. மருத்துவர் நோயாளியின் நிலையையும், நோயின் அளவையும், காலத்தையும் எண்ணிப் பார்த்துச் செயற்படவேண்டும் என்று அதே அதிகாரத்தில் வள்ளுவர் கூறுவதும் இக்கேள்விக்கு இடமளிப்பதே.

குறைக்க வழியுண்டு

சுமப்பது, நிறுத்துவது ஆகிய இரண்டுக்கும் நடுவே மூன்றாவது பாதை ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாமலே போகிறது.

ஒரு மாத்திரையால் மூட்டுகள் நொந்தால், அதே வகையைச் சேர்ந்த வேறொன்றுக்கு மாற்றிப் பார்க்கலாம். லெட்ரோசோலைத் தாங்காதவர் எக்ஸிமெஸ்டேனைத் தாங்குவது உண்டு. அல்லது தமாக்சிஃபெனுக்கு மாறலாம். வலிக்குக் காரணம் மாத்திரைதானா என்று அறிய, மருத்துவரே சில வாரங்கள் நிறுத்திப் பார்க்கச் சொல்வதும் உண்டு. தாமாக நிறுத்துவதற்கும் இதற்கும் வேறுபாடு, மீண்டும் தொடங்கும் நாள் குறிக்கப்பட்டிருப்பதுதான். எலும்பு அடர்த்திப் பரிசோதனையும், தேவைக்கேற்ற கால்சியம், வைட்டமின் டி, எலும்பைக் காக்கும் மருந்துகளும் முறிவைத் தவிர்க்க உதவும்.

இந்த மாத்திரைகளால் வரும் மூட்டுவலிக்கு, முறையான நடையும் தசைகளை வலுவாக்கும் எளிய பயிற்சியும் நிவாரணம் தருவது ஆய்வில் காணப்பட்டிருக்கிறது. வலிக்கும்போது அசையாதிருப்பதே நலம் என்னும் எண்ணம் இங்குப் பொருந்துவதில்லை. மாலை வேளையில் வெளிப்பிராகாரத்தை நிதானமாகச் சுற்றி வருவதைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கொள்ளலாம்.

விரத நாள்களைப் பற்றியும் ஒரு சொல். தமாக்சிஃபென், லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் ஆகியவற்றை உணவோடும் எடுக்கலாம், உணவின்றியும் எடுக்கலாம். எக்ஸிமெஸ்டேனை மட்டும் உணவுக்குப் பின் எடுக்கவேண்டும். ஏகாதசியும் சஷ்டியும் தவறாதவர்கள் இதை மருத்துவரிடம் சொல்லி ஏற்பாடு செய்துகொண்டால், விரதமும் கெடாது; மருந்தும் கெடாது. நாட்டு மருந்தோ, மஞ்சள் சத்து மாத்திரையோ சேர்த்து எடுப்பவர்கள் அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

சில அறிகுறிகளைப் பொறுத்துக்கொள்வது பெருந்தவறாகும். கீமோதெரபி நடக்கும் காலத்தில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் காய்ச்சல், தமாக்சிஃபென் எடுப்பவருக்கு ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல், மாதவிடாய் நின்றவருக்கு மீண்டும் உதிரப்போக்கு ஆகியவை நேர்ந்தால் விடியும்வரை காத்திருத்தல் கூடாது.

மறைப்பதன் விலை

சொல்லாமல் நிறுத்துவதில், வெளியே தெரியாத கேடு ஒன்று இருக்கிறது. பரிசோதனையில் மீண்டும் கட்டி தென்பட்டால், ‘இவர் மாத்திரை எடுத்தும் நோய் வந்துவிட்டது, இம்மருந்து இவருக்குப் பயனற்றது’ என்றே மருத்துவர் முடிவு செய்வார். எளிய மருந்தைக் கைவிட்டு, கடுமையான மருந்துக்குப் போவார். உண்மையில் அந்த எளிய மருந்து அலமாரியில் பிரிக்கப்படாத அட்டைகளாக இருக்கும்.

மறைப்பதற்குக் காரணங்கள் பல. மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்ற அச்சம். வெளிநாட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அழைக்கும் மகனுக்குக் கவலை தரக்கூடாது என்ற பரிவு. செலவு வைக்கிறோமே என்ற கூச்சம். தாம்பத்திய வாழ்வில் வந்த மாற்றத்தை, உடன் வந்திருக்கும் மருமகள் முன்னிலையில் எப்படிச் சொல்வது என்ற தயக்கமும் உண்டு. மருத்துவரிடம் ஐந்து நிமிடம் தனித்துப் பேச விரும்புவதாகக் கூறுவது எவருக்கும் உள்ள உரிமை. செலவே காரணமானால், அரசு மருத்துவமனைகளும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இருப்பதை விசாரிக்கலாம்.

வேண்டுதல் பலித்துவிட்டது, இனி மருந்தெதற்கு என்று எண்ணுவோரும் உளர். பிரார்த்தனை மனத்துக்கு உறுதி தரும். ஆனால் வைத்தியநாதப் பெருமானே தைலப் பாத்திரத்துடன் வந்தார் என்பதல்லவா தலவரலாறு? மருந்தை விலக்கச் சொல்லும் பக்தி அங்கே காணப்படவில்லை.

நிறுத்துவதும் முறையாகும் நேரம்

இவ்வளவும் சொன்னதால், எந்த நிலையிலும் எல்லாச் சிகிச்சையையும் தொடர்ந்தே ஆகவேண்டும் என்று பொருளாகாது. மருத்துவ உலகமே பல இடங்களில் குறைத்துக்கொள்ளக் கற்றிருக்கிறது.

அமெரிக்காவில் 70 வயதை எட்டிய, சிறிய அளவிலான ஹார்மோன் சார்ந்த கட்டியுள்ள 636 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. அனைவருக்கும் கட்டி மட்டும் அகற்றப்பட்டு, தமாக்சிஃபென் தரப்பட்டது; ஒரு பாதியினருக்குக் கதிர்வீச்சும் தரப்பட்டது. 2013இல் வெளியான 10 ஆண்டு முடிவின்படி, கதிர்வீச்சு பெற்றவர்களில் நூற்றுக்கு 98 பேருக்கும், பெறாதவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கும் அவ்விடத்தில் நோய் திரும்பவில்லை. ஆயுளில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

ஆஸ்திரியாவில் நடந்து 2021இல் வெளியான ஆய்வும் கருதத்தக்கது. 5 ஆண்டுகள் ஹார்மோன் சிகிச்சையை முடித்தவர்கள், அனஸ்ட்ரோசோலை மேலும் 2 ஆண்டுகள் எடுத்தாலும் 5 ஆண்டுகள் எடுத்தாலும் நோய் திரும்புவதில் வேறுபாடு இல்லை. எலும்பு முறிவு மட்டும் நீண்டகாலம் எடுத்தவர்களிடம் கூடுதலாக இருந்தது. ஆகவே, ‘இன்னும் எத்தனை நாள்?’ என்று கேட்பதைப் பொறுமையின்மை என்று ஒதுக்கலாகாது.

நோய் எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவிய நிலையில் கேள்வியே மாறுகிறது. அங்கே சிகிச்சையின் நோக்கம் பெரும்பாலும் முற்றிலும் குணமாக்குவதன்று. நல்ல நாள்களைக் கூட்டுவது. மருந்தே அந்த நாள்களைத் தின்னத் தொடங்கினால், அளவைக் குறைப்பதோ, இடைவெளி விடுவதோ, ஒருகட்டத்தில் நிறுத்தி, வலியையும் மூச்சிரைப்பையும் தணிக்கும் பராமரிப்பை மட்டும் ஏற்பதோ முறையான முடிவுகளே. அதைத் தோல்வி என்றோ, தற்கொலைக்கு நிகர் என்றோ சுற்றத்தார் பேசுவது அறமாகாது. அந்தத் தணிப்புச் சிகிச்சையும் மருத்துவமே.

எழுபத்தெட்டு வயதுப் பெண் ஒருவர், பேத்தியின் திருமணத்தில் தாமே மணையருகே அமர்ந்து ஆசி வழங்க விரும்பலாம். வேறொருவர், இன்னும் இரண்டு ஆண்டுகள் கூடுதலாகக் கிடைக்குமானால் எந்த வலியையும் ஏற்கத் துணியலாம். இருவரும் எடுக்கும் முடிவு வேறாக இருக்கும். இருவர் முடிவும் சரியாகவே இருக்கும். அந்த விருப்பத்தை யாரேனும் கேட்டறிந்தார்களா என்பதே கேள்வி.

அதற்கு ஒரு சிறு குறிப்பேடு போதும். எந்த நாளில் எந்தத் தொல்லை, பத்துக்கு எத்தனை அளவு, அதனால் செய்ய முடியாமற்போன வேலை என்ன என்று நான்கு வாரங்கள் எழுதி வந்தால், மருத்துவர் பத்தே நிமிடங்களில் நிலையைப் புரிந்துகொள்வார். ‘பரவாயில்லை, சமாளிக்கிறேன்’ என்று வாய் சொல்வதை அந்த ஏடு சொல்லாது.

அருகிருந்து பேணுபவர் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. மாத்திரை எடுத்தாயா என்று அதட்டிக் கேட்டால் ‘ஆம்’ என்ற ஒரு சொல்தான் பதிலாக வரும். அந்த மாத்திரை எப்படிப் படுத்துகிறது என்று பக்கத்தில் அமர்ந்து கேட்டால், ஆறு மாதமாக அடக்கி வைத்திருந்தது அனைத்தும் வெளிவரும். வள்ளுவர் சொன்ன நான்காம் அங்கத்தின் கடமை அங்கேதான் தொடங்குகிறது.