மழலையின் செவியும் மூளையும்

வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்த வேலூர்ச் சாலையில் பேருந்துகளின் இரைச்சல் ஓய்வதில்லை. அவ்விரைச்சலுக்கிடையே தொட்டிலில் கிடக்கும் சிசு எதைக் கேட்கிறது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

பிறந்த சில நாள்களிலேயே குழந்தை பிற பெண்களின் குரலினும் தன் தாயின் குரலையே விரும்புகிறது. இதை 1980-இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆயினும் செவியில் விழும் ஒலிக்குச் சிசுவின் மூளைத்தண்டு சற்றுத் தாமதமாகவே மறுமொழி தருகிறது. நரம்புகளைச் சுற்றிக் கொழுப்புறை வளர வளர வேகம் கூடி, ஏறத்தாழ 2 வயதில் பெரியோர் நிலையை எட்டுகிறது.

1984-இல் கனடா ஆய்வாளர்களான வெர்க்கரும் டீஸும் மற்றொரு விந்தையை வெளியிட்டனர். ஆங்கிலம் பேசும் இல்லங்களின் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் இந்தியின் 'ட', 'த' ஒலிகளைப் பிரித்தறிந்தன. 10 முதல் 12 மாதத்திற்குள் அத்திறன் மங்கிவிட்டது. கேட்டுப் பழகும் ஒலிகளுக்கே மூளை தன்னைச் செப்பனிட்டுக்கொள்கிறது.

அவ்வாறாயின், செவிப்புலன் குன்றிய குழந்தையின் நிலை யாது? "இவன் அப்பனும் தாமதமாகத்தான் பேசினான்" என்று பாட்டிமார் தேற்றுவதில் அரிய காலம் கழிந்துவிடுகிறது. துயிலும் குழந்தையின் தலையில் மின்வாய்களை ஒட்டி, மூளைத்தண்டின் மறுமொழியை வலியின்றி அளந்தறியலாம். 1 மாதத்திற்குள் சோதனை, 3 மாதத்திற்குள் உறுதி, 6 மாதத்திற்குள் சிகிச்சை என்பது மருத்துவர் வகுத்த நெறி. தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சையும் உண்டு.

பெற்றோரே, குழந்தையோடு நாள்தோறும் பேசுங்கள். உங்கள் குரலுக்கு அது திரும்பவில்லையெனில், மருத்துவரை நாடத் தாமதியாதீர்கள்.